மதுவை நிறுத்தும்போது மருத்துவக் கண்காணிப்பு ஏன் தேவை?

நாள்தோறும் மிகுதியாக மது அருந்துபவர், மருத்துவ ஆலோசனையின்றித் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மதுவின் மந்தப்படுத்தும் தன்மைக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, மது கிடைக்காதபோது அளவுமீறிக் கிளர்ச்சியடைகிறது.

அறிகுறிகள்

கடைசியாக மது அருந்திய 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், உறக்கமின்மை தோன்றலாம். முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். 2 முதல் 4 நாட்களில் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிதல், காய்ச்சல், பிதற்றல் ஏற்பட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழைக்கவும். முன்பு இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களுக்கு இடர் அதிகம்.

சிகிச்சை

நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தொடர்ந்து கண்காணிக்கப்படும். டையசிபாம், லோராசிபாம் போன்ற மருந்துகள் வழங்கப்பட்டு, சில நாட்களில் படிப்படியாகக் குறைக்கப்படும். மூளைப் பாதிப்பைத் தடுக்கத் தயாமின் (வைட்டமின் பி1) அளிக்கப்படும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

தூக்க மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. மதுவுடன் சேர்ந்தால் அவை மூச்சை ஒடுக்கும். நோயாளி அறியாமல் உணவில் ‘குடி நிறுத்தும்’ மருந்து கலப்பதும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

அடுத்த படி

நடுக்கம் நின்றுவிட்டால் நோய் தீர்ந்ததாகப் பொருளல்ல. குடிக்கும் வேட்கை பல மாதங்கள் நீடிக்கலாம். எனவே மனநல ஆலோசனையும் மறுகுடியைத் தடுக்கும் மருந்துகளும் தொடர வேண்டும். மீண்டும் குடிக்க நேர்ந்தாலும் தயங்காமல் சிகிச்சைக்குத் திரும்பலாம். கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்: 14446.