இருதய வால்வு மாற்றமும் பார்வைக் கலக்கமும்

உடம்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அத்தொடர்பு எத்துணை நெருக்கமானது என்பது, ஓர் உறுப்பிற் செய்த சிகிச்சையின் விளைவு மற்றோர் உறுப்பில் தோன்றும்போதுதான் நன்கு புலப்படுகிறது. இருதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவருட் சிலர், “மூச்சு வாங்குதல் நின்றுவிட்டது, ஆனால் கண்ணெதிரே ஏதோ மின்னி மறைகிறது” என்று கூறுவதுண்டு. மார்பிற் செய்த இரண சிகிச்சைக்குப் பின் கண்ணிற் கலக்கம் தோன்றுவானேன்? அது தானே நீங்கிவிடுமா? அன்றிப் பெருந்தீங்கொன்றின் முன்னறிவிப்பாகுமா? இவ்வினாக்களை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலுமிருந்து வரும் நம் மாணவர் சிலருடைய வீடுகளிலேயே இச்சிகிச்சை பெற்ற தாய்மாரோ தமக்கைமாரோ இருத்தல் கூடும். ஆதலின் இஃது ஏட்டளவில் நின்றுவிடும் அறிவன்று.

முதற்கண் வால்வு என்பது யாதென அறிதல் வேண்டும். கிணற்றில் இறக்கிய பம்புக் குழாயின் அடியிலுள்ள வால்வு, நீரை மேலே செல்லவிட்டுக் கீழே இறங்கவொட்டாமல் தடுக்கிறது. அவ்வாறே இருதயத்தின் நான்கு வால்வுகளும் இரத்தத்தை முன்னே செல்லவிட்டுப் பின்னே திரும்பவொட்டாமல் தடுக்கின்றன. ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. நம் நாட்டில் அவை கெடுவதற்கு நெடுங்காலமாக முதன்மையான காரணமாயிருப்பது ருமாட்டிக் சுரம். பெரும்பாலும் 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தொண்டையில் ஒருவகைக் கிருமியால் புண் உண்டாகிறது. அக்கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் காப்பாற்றலே, சிலரிடத்தில் தன் சொந்த மூட்டுகளையும் இருதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. மூட்டுவீக்கம் சில வாரங்களில் தணிந்துவிடும். வால்வோ பல ஆண்டுகளில் தடித்துச் சுருங்கி, திறக்கவும் மூடவும் இயலாததாகும். செப்பனிட முடியாத நிலையை அஃது அடைந்தபோது, அதனை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்துகின்றனர்.

இச்சிகிச்சை ஏறக்குறைய இரண்டு தலைமுறைக் காலத்தது. இருதயத்தையும் நுரையீரலையும் சிறிது நேரம் ஓய்வுபெறச் செய்து, அவற்றின் வேலையைத் தானே செய்யும் யந்திரத்தை அமெரிக்க வைத்தியர் ஜான் கிப்பன் 1953இல் ஒரு நோயாளியினிடத்து வெற்றியுடன் பயன்படுத்தினார். 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் வைத்தியரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் யந்திர நிபுணரும் கூட்டினுள் உருளும் பந்து போன்ற செயற்கை வால்வை அமைத்துப் பொருத்தினர். நம் பக்கத்து வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1960களின் தொடக்கத்திலேயே இருதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சை நடைபெறலாயிற்று. திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடன் உழைத்தோரும் ஆக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலையைத் தாங்கமாட்டாத ஏழைகளுக்கு அஃது ஒரு பேருதவியாயிற்று.

இனி, இருதயத்திற்கும் கண்ணிற்கும் உள்ள வழியை நோக்குவோம். இருதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியிலிருந்து கழுத்தின் இருமருங்கும் தமனிகள் மேலேறுகின்றன. கழுத்தின் முன்புறத்துத் தமனியிலிருந்து பிரியும் ஒரு சிறு கிளை, கண்ணினுட் புகுந்து விழித்திரைக்கு இரத்தம் அளிக்கிறது. பின்புறத் தமனிகள் மண்டையினுட் சென்று, மூளையின் பின்பாகத்திற்கு உணவூட்டுகின்றன. கண் ஒளியை வாங்கும் கருவியே. வாங்கியதைக் காட்சியாக அறிவது மூளையின் அப்பின்பாகமாகும். ஆதலின் இருதயத்தினின்று புறப்பட்ட ஒரு சிறு குமிழோ, சுண்ணத் துகளோ, இரத்தக் கட்டியோ இவ்விரு வழிகளுள் எதிற் சென்றாலும் பார்வை கலங்கும். யந்திரத்தின் குழாய்களில் இரத்தம் ஓடுகையிலும், பழைய வால்வை வெட்டி எடுக்கையிலும் அத்தகைய நுண்ணிய பொருள்கள் சில, எவ்வளவு எச்சரிக்கை செய்யினும், இரத்தத்திற் கலத்தல் உண்டு.

பார்வைக் கலக்கங்கள் பலதிறப்படும். அவற்றுள் முதலாவது, ஒளிக்கோடு. பார்வையின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு சிறு புள்ளி மினுமினுக்கும். அது வாளின் பல் போலக் கோணல் கோணலாக விரிந்து, பிறைவடிவாய் வளர்ந்து, 20 அல்லது 30 நிமிஷத்தில் ஓரத்திற் சென்று மறையும். பெரும்பாலும் இரு கண்களுக்கும் அது தோன்றும்; ஒரு கண்ணை மூடினும் மற்றதிற் காணப்படும். ஒற்றைத் தலைவலிக்காரர் பலர் இதனை நன்கறிவர். அமெரிக்க உளநூலறிஞர் கார்ல் லாஷ்லி தமக்கே தோன்றிய இவ்வொளிக்கோட்டைத் தாளில் வரைந்து அளந்து, மூளையின் மேற்பரப்பில் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேகத்திற் படரும் ஓர் அலையே இதற்குக் காரணமாதல் வேண்டுமென 1941இல் எழுதினார். பிரேசில் தேசத்து லெயாவோ என்பவர், அத்தகைய மெல்லப் படரும் அலையொன்றை முயல்களின் மூளையிற் கண்டு 1944இல் வெளியிட்டார். நுண்ணிய குமிழ்களும் துகள்களும் இவ்வலையைத் தூண்டவல்லன என்று பிற்காலத்தில் எலிகளிற் செய்த சோதனைகள் காட்டின. வால்வு மாற்றத்திற்குப் பின், முன் ஒருநாளும் தலைவலி அறியாதவர்க்கும் இவ்வொளிக்கோடு தோன்றுதல் உண்டு. பெரும்பாலும் வாரங்கள் செல்லச் செல்ல அது குறைந்து நின்றுவிடும்.

இரண்டாவது, திரை விழுதல். ஒரு கண்ணில் மட்டும் மேலிருந்து ஒரு கருந்திரை இறங்கியதுபோலப் பார்வை மறைந்து, சில நிமிஷங்களில் மீண்டும் தெளியும். இதில் மின்னலும் இல்லை, வலியும் இல்லை. ஓர் இரத்தக் கட்டி விழித்திரைத் தமனியை அடைத்துப் பின்னர்க் கரைந்தோ நகர்ந்தோ போயிற்று என்பது இதன் பொருளாகலாம். உலோக வால்வின்மேல் இரத்தம் உறையத் தொடங்கியதற்கு இஃது அடையாளமாதல் கூடும். அடுத்த கட்டி கண்ணிற்குச் செல்லாமல் மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். திரை விலகாமலே நின்றுவிடின், சில மணி நேரத்திற்குள் அவ்விழித்திரை மீளாக் கேட்டை அடையும்.

மூன்றாவது, மங்கலும் நிறமாற்றமும். சிகிச்சைக்குப் பின் உடம்பின் நீர்நிலை மாறுவதாலும், கண் உலர்வதாலும், உடல் தளர்ச்சியாலும் சில நாள் எழுத்துக்கள் மங்கித் தோன்றலாம். ஆதலால் இரண்டொரு மாதம் கழியுமுன் புதிய மூக்குக்கண்ணாடி வாங்குதல் வீண்செலவாகக் கூடும். நாடித்துடிப்பைச் சீராக்கத் தரும் டிகாக்ஸின் அளவு மிஞ்சினால், காண்பனவெல்லாம் மஞ்சளாகத் தோன்றும். அம்மருந்தின் மூலிகையைப் பற்றி 1785இல் எழுதிய வில்லியம் விதரிங்கே இதனைக் குறித்துள்ளார். அமியோடரோன் என்னும் மருந்தை நீண்டநாள் உட்கொள்வோர்க்கு விளக்கைச் சுற்றி வட்டம் தோன்றுதல் உண்டு. முதற் சில நாட்களில், தீவிர சிகிச்சை அறையிற் கிடக்கும் முதியோர் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றுவதும் உண்டு. வீட்டார் அதனைப் பேய்க்கோளாறென்று எண்ணி அஞ்சுதல் வேண்டா. செவிலியரிடம் உடனே கூறுதலே முறை.

இவற்றைக் கேட்டவர், “தானே நீங்கிப்போவது தீங்கற்றது, நீங்காததே தீயது” என்று கருதிவிடல் ஆகாது. நாம் இவ்வியாசத்தில் வற்புறுத்த விரும்புவது இவ்வொன்றே. ஒளிக்கோடும் நீங்குகிறது, கருந்திரையும் நீங்குகிறது. ஆனால் முன்னையது பெரும்பாலும் தீங்கற்றது. பின்னையதோ வாயிலில் வந்து நிற்கும் அபாயத்தின் குரலாகலாம். நீங்கிற்று என்பது கொண்டு மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கலக்கம் தோன்றும்போதே ஒவ்வொரு கண்ணையும் மாறி மாறிப் பொத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு கண்ணிலா, இரு கண்ணிலா, ஒளியா, இருளா, மெல்லப் பரவியதா, திடீரென விழுந்ததா, எத்தனை நிமிஷம் நின்றது என்பவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். வைத்தியர்க்கு அக்குறிப்பு மிகவும் பயன்படும். ஆயினும் முடிவு சொல்லவேண்டியவர் வைத்தியரேயன்றி நாமல்லேம். ஒளிக்கோடாயினும் முதன்முறை தோன்றியபோது அறிவித்தே தீர்தல் வேண்டும். திரை விழுந்தாலும், பாதிப் பார்வை போனாலும், அதனுடன் பேச்சுக் குழறினாலும், முகம் கோணினாலும், கைகால் தளர்ந்தாலும், கடுந்தலைவலி எழுந்தாலும் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. சுரத்தோடு பார்வை கலங்கினும் அவ்வாறே. புதிய வால்வில் கிருமி பற்றியிருத்தல் கூடும். கலக்கம் தெளியும் வரை வண்டி ஓட்டுதலும் கிணற்றங்கரையில் நிற்றலும் கூடா.

இங்கே ஒரு பெரும்பிழை நேர்வதற்கு இடமுண்டு. உலோக வால்வு பெற்றோர் இரத்தம் உறையாமற் காக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டியவர். வார்பரின், அசிட்ரோம் என்பன அத்தகையன. கண்ணின் வெள்ளைவிழியில் ஒருநாள் செந்நிறத் திட்டுத் தோன்றினால், “இம்மாத்திரையே கண்ணைக் கெடுத்தது” என்று அதனை நிறுத்திவிடுவோர் உளர். பார்வை மங்காமலும் வலி இல்லாமலும் தோன்றும் அத்திட்டு, பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். மாத்திரையை நிறுத்தினாலோ வால்வில் கட்டி உறையும். முன் கூறிய கருந்திரைக்கும் பக்கவாதத்திற்கும் அதுவே வழியாகும். செய்யத்தக்கது இரத்தத்தைச் சோதித்து ஐ.என்.ஆர். அளவை அறிதலே. மருந்துண்ணாதவர்க்கு அவ்வளவு ஏறக்குறைய 1. உலோக வால்வு பெற்றவர்க்கு, வால்வின் இடத்திற்கும் வகைக்கும் ஏற்ப, பொதுவாக 2 முதல் 3 வரையிலோ, 2.5 முதல் 3.5 வரையிலோ இருக்குமாறு வைத்தியர் வரையறுப்பர். குறைந்தால் உறைவும், மிகுந்தால் இரத்தக் கசிவும் நேரும். முருங்கைக் கீரை முதலியவற்றை அறவே விலக்க வேண்டுவதில்லை. ஒருநாள் மிகுதியாகவும் மறுவாரம் சிறிதுமின்றியும் உண்ணாமல் ஒரே அளவாக உண்ணுதலே வேண்டுவது. கடையில் வாங்கும் வலிமாத்திரைகளையும், உட்பொருள் தெரியாத சூரணங்களையும் வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

திண்டிவனத்திற்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மிஷன் வைத்தியர் ஒருவரின் மகளாகிய ஐடா ஸ்கடர் அவ்வூரிற் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஓரிரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனைப்பட்ட தம் பெண்களுக்கு அவர் உதவியை வேண்டினர். ஆண் வைத்தியரை அழைக்க அவர்கள் இசையவில்லை. அம்மையாரோ அந்நாளில் வைத்தியம் பயிலாதவர். விடிவதற்குள் மூவரும் மாண்டனர். அத்துயரமே அவரை வைத்தியம் கற்கச் செய்தது. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பிவந்து, 1918இல் வேலூரிற் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி நிறுவினார். அதுவே வளர்ந்து, முற்கூறிய இருதய சிகிச்சை நடைபெற்ற கல்லூரியாயிற்று.

அவ்விரவில் திண்டிவனத்தில் உதவி இல்லை. இன்று அந்நிலை இல்லை. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், நகரத்தின் வாயிலாகிய கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உளது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரமே. 108 என்னும் எண்ணை அழைத்தால் கட்டணமின்றி வண்டி வருகிறது. பக்கவாதத்திற்குரிய சிகிச்சைகளுட் சில, நோய் தோன்றிய சில மணி நேரத்திற்குள்ளேயே பயன்படுவன. அந்நேரத்தை இழப்பதற்குச் சாலையின் நீளத்தினும் பெரிய காரணம், “கண் தெளிந்துவிட்டதே, நாளைப் பார்க்கலாம்” என்று வீட்டிற் சொல்லும் ஒரு சொல்லேயாகும்.

மாணவ நண்பர்களே! கல்லூரியிற் பயிலும் பிள்ளையின் சொல்லுக்கு வீட்டில் ஒரு மதிப்புண்டு. நும் வீட்டிலோ, தெருவிலோ வால்வு மாற்றிக்கொண்டவர் இருப்பின், அவருக்கு ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். மாத்திரையின் பெயரையும், அளவையும், ஐ.என்.ஆர். சோதித்த நாளையும் அதில் எழுதுங்கள். கண்ணிற் கலக்கம் தோன்றிய நாளையும், நேரத்தையும், விதத்தையும் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். வைத்தியரிடம் செல்லும்போது அதனை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுச் சிறுபிள்ளைகட்குத் தொண்டைப்புண்ணும் சுரமும் வந்தால், அதனை அற்பமென்று விடாமல் மருந்து கொடுக்கச் செய்யுங்கள். ருமாட்டிக் சுரம் ஒருமுறை வந்த பிள்ளைக்கு வைத்தியர் விதித்த பெனிசிலின் ஊசியைத் தவணை தவறாமற் போடச் செய்யுங்கள். அவ்வாறு செய்யின், வருந்தலைமுறையில் வால்வு மாற்றவேண்டிய தேவையே பலர்க்கு இல்லாமற் போகும்.