ஏடு கைமாறும் முறை: தாய் நிரலும் சிறுநிரலும்

ஓலையேடு உடையார் அதனைப் பிறர்க்கு உதவும் வழிகள் மூன்று. பார்த்தெழுதிய படியொன்றைக் கொடுத்தல் ஒன்று. தம் இல்லத்திலிருந்தே படித்துச் செல்ல விடுதல் மற்றொன்று. ஏட்டையே உரிமையுடன் அளித்துவிடுதல் பிறிதொன்று. இவற்றுள் எது நிகழ்ந்தது என்பது இருவர்க்கும் தெளிவாதல் வேண்டும். இன்றேல் ஏடும் அழியும், நட்பும் கெடும். கணிப்பொறியில் ஒரு நிரல், தான் பகுத்த செய்தியைத் தன்னுள் இயங்கும் மற்றொரு நிரலுக்கு வழங்குங்காலும் இம்மூன்று வழிகளே உள்ளன. அவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எக்ஸ்.எம்.எல். என்பது செய்தியின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயரிட்டு, ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி எழுதும் முறையாகும். அதன் முதற் பதிப்பு 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் வெளிவந்தது. பகுதிகளின் பெயரைத் தமிழிலேயே எழுதவும் அது தொடக்கந்தொட்டு இடந்தந்தது. நாயன்மார் அறுபத்துமூவரின் அட்டவணையை நாம் இம்முறையில் எழுதுவோமாயின், பாண்டியன் நெடுமாறனுக்கு அமைச்சராயிருந்த குலச்சிறை நாயனாரின் பகுதியுள் <ஊர்>மணமேல்குடி</ஊர்> என வரும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையிலுள்ள அவ்வூரே அவர் பிறந்த ஊராகப் போற்றப்படுவது.

சி மொழியில் எழுதிய பெரிய நிரலொன்று இவ்வட்டவணையைப் படிக்கின்றது எனக் கொள்வோம். அதனைத் தாய் நிரல் என்போம். அது, லிப்-எக்ஸ்.எம்.எல்.-2 என்னும் நிரலகத்தின் துணைகொண்டு எழுத்துத் தொடரைப் பகுத்து, நினைவகத்தில் வேரும் கிளையும் கணுவும் உடைய மரமாக அமைத்துக் கொள்ளும். பின்னர், ‘இன்ன ஊரிற் பிறந்தோர் யாவர்?’ என்பன போன்ற, நாளுக்கு நாள் மாறும் வினாக்களுக்கு விடைகாணும் பணியைத் தன்னுட் பொதிந்த பைத்தான் அல்லது லுவா மொழிச் சிறுநிரலிடம் விடும். தாய் நிரலைத் தொடாமலே சிறுநிரலை மாற்றலாம் என்பதே இவ்வேற்பாட்டின் பயன்.

மரத்தை மீண்டும் எழுத்துத் தொடராக்கிச் சிறுநிரலுக்கு அனுப்புதல் முதல் வழி. இது படி எடுத்துக் கொடுத்தலை ஒக்கும். தீங்கு குறைவு, ஆயினும், ஒருமுறை பகுத்ததனை மறுமுறையும் பகுக்க வேண்டும், இடமும் இருமடங்காகும். அட்டவணை சிறிதாயின் இதுவே சாலும்.

மரம் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுதல் இரண்டாவது வழி. இது விரைவுடையது, இடரும் உடையது. சிறுநிரல் ஒரு கணுவைப் பற்றியிருக்கும்பொழுதே தாய் நிரல் மரத்தை விடுவித்துவிடின், அவ்விடத்தில் வேறு செய்தி வந்து குடிபுகும். அப்பொழுது நிரல் வீழ்ந்தொழிதல் கூடும். வீழாது பிழையான விடை தருதலும் கூடும். பின்னது முன்னதினும் கொடிது, காண்பார் ஐயுறார் ஆதலின். பைத்தான் தன் பொருள்களை எத்துணைப்பேர் பற்றியுள்ளனர் என எண்ணிக் காப்பது உண்மையே. ஆயின், தாய் நிரலின் மரம் அக்கணக்கில் சேர்ந்ததன்று.

உரிமையையே மாற்றிக் கொடுத்தல் மூன்றாவது வழி. பைத்தானுக்குரிய எல்-எக்ஸ்.எம்.எல். என்னும் நிரலகம் இதற்கு நல்ல சான்று. தாய் நிரல் தன் மரத்தை ஓர் உறையிலிட்டுப் பெயர் பொறித்து நீட்டலாம். வேறொன்றும் கூறாதவழி, அந்நிரலகம் மரத்தைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் தீண்டாது விடும். ‘இதனை விடுவிக்கும் பொறுப்பும் நினதே’ என்னும் குறிப்பு உறையில் இருப்பின், படியெடாது மூலத்தையே ஏற்று, உறையைச் செல்லாததாக்கிவிடும். அதன்பின், ஒரு கணுவைச் சிறுநிரல் பற்றியிருக்குங்காறும் முழுமரமும் அழியாது நிற்கும். ஐயமுள்ளவிடத்துப் படியெடுத்தலும், வெளிப்படக் கூறியவிடத்தே உரிமை கொள்ளுதலும் நாம் பின்பற்றத்தக்க நெறியாகும்.

உரிமை தெளிந்த பின்னும் அளவை ஒன்று எஞ்சுகின்றது. மணமேல்குடி என்னும் பெயரை நாம் எண்ணின் 6 எழுத்து. பைத்தான், உயிர்க்குறியையும் புள்ளியையும் வேறுவேறாகக் கொண்டு 10 என்னும். லிப்-எக்ஸ்.எம்.எல்.-2 தன் மரத்துள் யூ.டி.எப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு வைப்பதால், அதற்கும் லுவாவிற்கும் அது 30. ‘குடி’ என்பது 6 குறிகளுக்குப் பின் தொடங்குகின்றது எனப் பைத்தான் சரியாகவே உரைக்க, தாய் நிரல் 6 பைட்டுகளைக் கழித்தெடுப்பின் கிடைப்பது ‘மேல்குடி’. கழிக்க வேண்டியவை 18 பைட்டுகள். இருவரும் பொய்யுரைத்திலர், அளவுகோல் வேறாயிற்று. கழிக்கும் தொகை மூன்றன் மடங்காக இல்லாவிடின் எழுத்தே சிதைந்துவிடும்.

ஆதலின், இத்துறையிற் பயில விழையும் மாணவர், நிரலின் முதல் வரியை எழுதுமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்வாராக: மரம் யாருடையது? எதுகாறும் நிலைபெறும்? எவ்வளவையால் எண்ணப்படும்? இவற்றைத் தாய் நிரல் எழுதுவோரும் சிறுநிரல் எழுதுவோரும் ஒருங்கே அறிந்திருப்பின், கைமாறிய செய்தி பழுதின்றிச் சென்று சேரும்.