ஆறு புள்ளிகளும் அறுபத்து மூன்று குறிகளும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் பார்வையற்ற குழந்தை இருக்குமாயின், அதற்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்க இயலுமா என்ற ஐயம் பெற்றோருக்கு எழுவது இயல்பே. தமிழ் எழுத்துகள் 247. பிரான்சு நாட்டின் லூயி பிரெய்ல் 1824-இல், தமது பதினைந்தாம் வயதில் வகுத்த, விரலால் தடவிப் படிக்கும் எழுத்து முறையிலோ ஒரு குறிக்கு உள்ளவை ஆறே புள்ளிகள். நெடுக்கில் மூன்று, குறுக்கில் இரண்டு. இவ்வாறு புள்ளிகளுக்குள் எத்தனை குறிகள் அடங்கும் என்று முதலில் எண்ணிப் பார்ப்போம்.

ஒரு புள்ளி மட்டும் எழும்பி நின்றால் ஆறு குறிகள். இரண்டு எழும்பினால்? முதற் புள்ளிக்கு ஆறு இடங்கள், அடுத்ததற்கு எஞ்சியவை ஐந்து. ஆகவே 30 என்று விடை எழுதத் தோன்றும். இலக்கியம் பயின்ற நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினோம். ஆனால் முதல் இடத்தையும் நான்காம் இடத்தையும் தேர்ந்தாலும், நான்காவதை முன்னும் முதலாவதைப் பின்னும் தேர்ந்தாலும், தாளில் எழும்புவன அதே இரு புள்ளிகளே. தடவும் விரலுக்கு எது முன், எது பின் என்பது தெரியாது. ஒவ்வொரு குறியும் இருமுறை எண்ணப்பட்டு விட்டது. 30-ஐ இரண்டால் வகுக்க 15. மூன்று புள்ளிகளாயின் 6, 5, 4 ஆகியவற்றைப் பெருக்க 120. மூன்றை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாமாதலின், ஆறால் வகுக்க 20. நான்குக்குப் புதுக் கணக்கே வேண்டா. நான்கை எழுப்புவதும் இரண்டை எழுப்பாது விடுவதும் ஒன்றே, மீண்டும் 15. ஐந்துக்கு 6, ஆறுக்கு 1. ஆக மொத்தம் 63.

இவ்வெண் நம் நாட்டுக்குப் புதிதன்று. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் தமது லீலாவதியில், அறுசுவைகளை ஒன்றும் இரண்டும் மூன்றுமாகக் கலந்தால் எத்தனை வகை உணவு சமைக்கலாம் என வினவி, இதே விடையைக் காண்கிறார். கலவையிலும் முன்பின் இல்லை என்பது அவர் கருத்து. சமையற்கட்டில் உள்ளோர் இதை ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்!

இனி 247-க்கு வருவோம். உயிர் 12, மெய் 18, இவ்விரண்டும் பெருகிய உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி தேடினால் 63 போதாது. ஆனால் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் அமைந்த பாரதி பிரெய்ல், உயிர்மெய்யைப் பிரித்தே எழுதுகிறது. 'க'வின் குறியை அடுத்து 'ஆ'வின் குறியை இட்டால் 'கா'. 'க்' எழுத, மெய்ப்புள்ளிக்குரிய குறி 'க'வுக்கு முன்னே வரும். இவ்விதம் 32 குறிகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. கிரந்த எழுத்துகளுக்கும் நிறுத்தற் குறிகளுக்கும் இடம் மிஞ்சுகிறது.

பொதுமுறை என்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. தில்லியில் படிக்கும் குழந்தை ஹிந்திக் ககரத்துக்குத் தடவும் குறியே தமிழ்க் ககரத்துக்கும் உரியது. பள்ளியில் ஹிந்தி கற்ற விரல் தமிழுக்கெனப் புதிதாய்க் கற்க வேண்டியவை எ, ஒ, ழ, ற, ன முதலிய சிலவே. அவற்றை வீட்டில் தாயே கற்பித்துவிடலாம்.