அறியாத செலவும் புதிய அட்டையும்
கடலூரிலோ சிதம்பரத்திலோ வசிக்கும் ஒருவரின் கடன் அட்டையில் அவர் அறியாத செலவொன்று பதிவானால், கிளை திறக்கும்வரை காத்திராமல், வங்கியின் தொலைபேசி எண் வழியாகவோ செயலி வழியாகவோ அட்டையை முடக்கிப் புகார் எண்ணைப் பெறுவதே முதல் வேலையாகும். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் பிழையில்லாமல் மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பங்கில்லை. ஆனால் ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுஎண்ணைத் தாமே சொல்லிவிட்டவர், புகார் தரும்வரையிலான இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியையே சாரும் என்பது பலரும் அறியாத, மிக வலுவான விதி. மாற்று அட்டை புதிய எண்ணுடன் வருவதால், பழைய எண்ணில் மாதந்தோறும் தானாகக் கழிந்துவந்த காப்பீட்டுத் தவணை போன்றவற்றை மீண்டும் பதிய வேண்டியிருக்கும்.