மெழுகுவத்தி ஒளியில் ஒரு தச்சர்

படத்தில் உள்ளவர் தெய்வத்தன்மை உடையவர் என்று காட்டுவதற்குத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைவது பெருவழக்கு. அந்த வட்டம் இல்லாமலே அதை உணர்த்திய ஒரு கிறிஸ்தவ பக்தி ஓவியத்தைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

ஓவியத்தின் பெயர் 'தச்சர் சூசையப்பர்'. வரைந்தவர் ஜார்ஜ் டி லா டூர். இன்று பிரான்சு நாட்டைச் சேர்ந்த லொரேன் பகுதியில் 1593ஆம் ஆண்டு பிறந்தவர். 1640ஆம் ஆண்டுகளில் தீட்டப்பெற்ற இந்த எண்ணெய் வண்ண ஓவியம் 137 சென்டிமீட்டர் உயரமும் 102 சென்டிமீட்டர் அகலமும் உடையது.

படத்தில் இரவு நேரம். முதியவரான சூசையப்பர் குனிந்து நின்று, துரப்பணத்தால் ஒரு மரக்கட்டையில் துளையிடுகிறார். தரையில் உளியும் கொட்டாப்புளியும் மரச்சீவலும் கிடக்கின்றன. எதிரே சிறுவன் இயேசு மெழுகுவத்தி பிடித்திருக்கிறார். மற்றொரு கையால் சுடரை மறைத்துக் காக்கிறார்.

படம் முழுவதற்கும் வெளிச்சம் தருவது அந்த ஒரு சுடர்தான். சுடருக்கு மிக அருகில் இருப்பதால் சிறுவனின் முகம் பளிச்சென்று ஒளிர்கிறது. ஒளிவட்டம் செய்யவேண்டிய வேலையை மெழுகுவத்தியே செய்துவிடுகிறது! அதே ஒளி முதியவரின் சுருங்கிய நெற்றியிலும் உழைத்து முறுக்கேறிய கைகளிலும் விழுகிறது. மற்றவை இருளில் அடங்கிவிடுகின்றன.

சுடரை மறைக்கும் விரல்களைக் கவனிக்க வேண்டும். அவற்றினூடே செந்நிற ஒளி கசிகிறது. இருட்டில் டார்ச் விளக்கின்மேல் நம் கையை வைத்தாலும் இவ்வாறே தெரியும். சதையினுள் செல்லும் ஒளியில் மற்ற நிறங்களை இரத்தம் பெரும்பாலும் ஈர்த்துக்கொள்ள, சிவப்பு மிகுதியாக வெளிவருகிறது. எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வதால், வெளிச்சம் சிறிது சிறிதாக இருளில் கரைவதை ஓவியர் பொறுமையாகக் காட்ட முடிகிறது.

காலடியில் உள்ள மரக்கட்டை, பிற்காலத்துச் சிலுவையைக் கிறிஸ்தவர்களுக்கு நினைவூட்டும். சூசையப்பரின் பார்வையோ கட்டையின்மேல் இல்லை. சிறுவனை நோக்கி உயர்ந்திருக்கிறது.

1652ஆம் ஆண்டு மறைந்த இவ்வோவியரை உலகம் ஏறத்தாழ மறந்தே போயிற்று. 1915ஆம் ஆண்டில் ஹெர்மன் ஃபோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர்தாம் அவர் பெயரை மீட்டுத் தந்தார். 1948 முதல் இவ்வோவியம் பாரிஸ் நகரின் லூவர் அரும்பொருளகத்தில் உள்ளது.

எந்தப் படத்தைப் பார்த்தாலும், ஒளி எங்கிருந்து வருகிறது, எதன்மேல் விழுகிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்போம். இப்படத்தில் அது வேலை செய்யும் கைகளின்மேல் விழுகிறது. தந்தை உழைக்கிறார், பிள்ளை விளக்குப் பிடிக்கிறது. வணங்கத்தக்கது என்று ஓவியர் கண்டது இதைத்தான்.