பழைய விண்டோ ஏசி: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கடலூரில் அப்பா அறையில் ஓடும் 1.5 டன் விண்டோ ஏசிக்கு வயது 16. போன மாதம் சர்வீசுக்கு வந்தவர், "சார், இது ஆர்-22. இனிமே கேஸே கிடைக்காது. தூக்கிப் போட்டுட்டு இன்வெர்ட்டர் வாங்கிடுங்க" என்றார். அப்பாவோ, "ஓடுற மெஷினை எதுக்குடா மாத்தணும்?" என்கிறார். யார் சொல்வது சரி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் கேஸ். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகள் 2030-க்குள் அதை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். பழைய மெஷின்களின் சர்வீசுக்கு மட்டும் கொஞ்சம் 2040 வரை அனுமதி. அதனால் "கிடைக்கவே கிடைக்காது" என்பது இன்றைக்கு உண்மையில்லை. தவிர, விண்டோ ஏசியின் குழாய்கள் ஃபேக்டரியிலேயே பற்றவைத்தவை. ஸ்பிளிட் போல நட்டு முறுக்கிய இணைப்பு இல்லாததால் கசிவு குறைவு. எங்களுடையதில் இதுவரை கேஸ் நிரப்பியதே இல்லை. ஒரு எச்சரிக்கை: ஆர்-22 மெஷினில் ஆர்-32 போடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அதன் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல். தீப்பற்றும் தன்மையும் உண்டு.

அடுத்து கரண்ட். கம்ப்ரசர் ஓடும்போது பழையது 1.8 கிலோவாட் இழுக்கிறது. ராத்திரி 8 மணி நேரம், அதில் கம்ப்ரசர் ஓடுவது 60%, வருஷத்துக்கு 150 ராத்திரி: சுமார் 1,300 யூனிட். நல்ல இன்வெர்ட்டர் பாதிதான் எடுக்கும் என்று வைத்தாலும் மிச்சம் 650 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் 4,550 ரூபாய். புதுசுக்கு 40,000 போட்டால் காசு திரும்ப ஒன்பது வருஷம் ஆகும். ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் வருஷ யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. அப்பா ஓட்டுவது 1,200 தான். உங்கள் மணி நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

லேபிளில் இல்லாத விஷயம் உப்புக் காற்று. சில்வர் பீச் எங்களுக்குக் கிட்டத்தான். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் மொட்டைமாடி வெளி யூனிட்டின் காயில் ஆறே வருஷத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அப்பாவின் ஏசி மேற்குச் சுவரில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பதால் தப்பித்தது. ஒன்பது வருஷக் கணக்கு இங்கே எடுபடாது.

சிதம்பரத்தில் அக்கா வீட்டிலும் இதே வயசு மெஷின். கடல் தள்ளி இருக்கிறது, ஏசி பகலிலும் ஓடுகிறது. அங்கே நாலைந்து வருஷத்தில் காசு திரும்பிவிடும். "மாத்திடுக்கா" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு நிபந்தனையோடு. பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடுவது நம் ஊரில் சகஜம். ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1.8 டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோ என்று வைத்தால், அப்பா அளவுக்கு ஓட்டுபவர் வருஷத்தில் மிச்சப்படுத்துவது 455 கிலோ. ஒரு நிமிஷ 'புஸ்'ஸில் நாலு வருஷ மிச்சம் போச்சு! கேஸை சிலிண்டரில் பிடித்து எடுப்பீர்களா என்று கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கூடுதல் கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.

அப்பாவின் ஏசி இப்போதைக்கு இருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை காயிலை நல்ல தண்ணீரில் கழுவுவது, 26-ல் வைத்து ஃபேன் போடுவது, அவ்வளவுதான். என்றைக்கு கேஸ் கசிகிறதோ, அன்றைக்கு நிரப்பாமல் மாற்றிவிடுவோம். இதற்கு அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார்.