காரமற்ற இடம் கொண்ட டி.என்.ஏ. இழை (பெரிதாக்கிய மாதிரி)

இது ஆய்வகத்தில் தொகுக்கப்படும் டி.என்.ஏ. இழையின் மாதிரி. சர்க்கரையும் பாஸ்பேட்டும் முறியாமல் தொடர்கின்றன. அவற்றோடு இணைந்த காரங்களின் வரிசையில் ஒரு காரம் மட்டும் இல்லை. அதுவே காரமற்ற இடம்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் நாளொன்றுக்குச் சுமார் 10,000 காரங்கள் தாமாகவே உதிர்கின்றன. நொதிகள் அந்த இடங்களைச் சரிசெய்கின்றன. எது எங்கே உதிரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, ஆய்வாளர்கள் வேண்டிய இடத்தில் அதை உருவாக்கிக்கொள்கிறார்கள். இழையைத் தொகுக்கும்போது ஓரிடத்தில் தைமின் என்ற காரத்துக்குப் பதிலாக யுராசிலை வைக்கிறார்கள். பிறகு யுராசில் டி.என்.ஏ. கிளைக்கோசிலேஸ் என்னும் நொதி அந்த யுராசிலை மட்டும் கத்தரித்து நீக்கிவிடும். ஈ. கோலை பாக்டீரியாவில் இந்நொதியை இனங்கண்டு 1974-இல் வெளியிட்டவர் சுவீடனில் பிறந்த தாமஸ் லின்டால். 2015-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் இவரும் ஒருவர்.

காரம் நீங்கியதா என்று சோதிப்பது எளிது. இழையைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கினால் அது சரியாக அந்த இடத்திலேயே அறுந்துபோகும். இவ்வளவு எளிதில் அறுவது நீண்ட ஆய்வுகளுக்கு இடையூறு. அவற்றில் காரமற்ற இடத்துக்குப் பதிலாக, அறாத டெட்ராஹைட்ரோஃபியூரான் மாற்றுரு பயன்படுகிறது.

நகலெடுக்கும் நொதிகள் பலவும் காரமற்ற இடத்துக்கு எதிரே பெரும்பாலும் அடினைன் என்ற காரத்தையே வைக்கின்றன.